மானமும் சவுக்கும்: அமெரிக்கத் தென்பகுதி எழுத்துகள் பற்றிச் சில வாசிப்புக் குறிப்புகள்

1

எங்கள் வாசகர் வட்டத்துக்காக பிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன். 1845இல் வெளிவந்த அந்தச் சிறிய நூலில் அதிகம் பேசப்படும் பகுதி அது. மேரிலாந்தில் பதினாறு வயது அடிமைப் பையனான டக்ளஸ், ‘அடக்குவதற்காக’ எட்வர்ட் கோவி என்ற குத்தகை விவசாயியிடம் ஒரு வருடத்துக்கு ஒப்படைக்கப்படுகிறார். பணியாத அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் கோவிக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். ஆறு மாதங்கள் அடி வாங்கிய பிறகு, 1834 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் டக்ளஸ் அவனது குரல்வளையைப் பிடித்துவிடுகிறார். கிட்டத்தட்ட இரண்டு மணிநேரம் சண்டை நடக்கிறது. அதன் பிறகு கோவி அவர்மீது கை வைக்கவே இல்லை.

சண்டையை மொழிபெயர்ப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. சிரமம் தந்தது ஒரு சொல்தான். 1855இல் இதே சம்பவத்தை இரண்டாவது தன்வரலாற்றில் விரித்தெழுதும்போது, பலமற்ற மனிதன்மீது மற்றவர்கள் இரக்கப்படலாம், ஆனால் அவனை மதிக்க மனித இயல்பு இடம்கொடாது என்ற கருத்தில் டக்ளஸ் எழுதுகிறார். அவர் பாவிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஹானர்’. அதற்கு எதைப் போடுவது? மானமா, கௌரவமா, கண்ணியமா, நம்மூர்ப் பேச்சில் சொல்லும் ரோசமா? ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பவை தமிழில் வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. நான் ‘மானம்’ என்று போட்டேன். வாசித்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது. எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம்.

வாசித்து முடிந்ததும் ஆசிரியையான ஒரு தங்கை கேட்டார்: “அந்த ஊட்டுல பொம்பிளையள் ஒருத்தரும் இரிக்கல்லியா நானா?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியவை.

2

மானம் பற்றிப் பேசுவதற்கு முன், உள்நாட்டு யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கத் தென்பகுதியில் அந்தச் சொல் எவ்வாறு புழங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே ஏறத்தாழ 39½ இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் மொத்த வெள்ளைக் குடும்பங்களில் சுமார் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் அவர்களது ஒழுக்க இலக்கணமே எல்லோருக்குமான இலக்கணமாயிற்று. அந்த இலக்கணத்தின் மையத்தில் இருந்தது மானம். ஒரு கனவானின் மானம் அவனுடைய மனச்சாட்சியில் இருக்கவில்லை. ஊராரின் கண்ணில் இருந்தது. ஒருவன் “நீ பொய்யன்” என்று சொன்னால், சொன்னது உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. சொல்லப்பட்டவன் என்ன செய்தான் என்பதைத்தான் பார்த்தார்கள். தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர் ஜோன் லைட் வில்சன் 1838இல் துவந்த யுத்தத்துக்கான விதிமுறைகளை ஒரு கைந்நூலாகவே வெளியிட்டார். பிற்காலத்தில் ஜனாதிபதியான அன்ட்ரூ ஜக்ஸன் 1806இல் சார்ள்ஸ் டிக்கின்ஸன் என்பவரைத் துவந்தத்தில் சுட்டுக் கொன்றார். அது அவர் 1829இல் ஜனாதிபதியாவதைத் தடுக்கவில்லை.

துவந்தம் சமமானவர்களுக்கு இடையில் மட்டும் நடக்கும். கீழானவனோடு கனவான் துப்பாக்கி பிடிப்பதில்லை. அவனைத் தடியாலோ சவுக்காலோ அடிப்பான். அந்த இலக்கணத்தை மிகத் துல்லியமாகக் காட்டிய சம்பவம் 1856 மே 22ஆம் திகதி வொஷிங்டனில் செனட் சபைக்குள்ளேயே நடந்தது. அடிமைமுறையை எதிர்த்த மசாசூசெட்ஸ் செனட்டர் சார்ள்ஸ் சம்னர் தனது ஆசனத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அவரை மயங்கிச் சரியும்வரை அடித்தார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் முடிந்த உரையில், புரூக்ஸின் உறவினரான செனட்டர் பட்லரை சம்னர் கேலி செய்திருந்தார். புரூக்ஸ் முதலில் துவந்தத்துக்கு அழைப்பதையே யோசித்தார். சம்னர் அதற்குத் தகுதியான கனவான் அல்லர் என்று முடிவான பிறகே கைத்தடி தெரிவாயிற்று. வடக்குக்கு அது கொலைவெறி. தெற்கில் பலருக்கு அது வீரம். புதிய கைத்தடிகளை புரூக்ஸுக்குப் பரிசாக அனுப்பினார்கள். நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டம் 300 டொலர். பதவியை இராஜினாமாச் செய்தவரை அவரது தொகுதி மீண்டும் தெரிவு செய்தது. சம்னர் செனட் சபைப் பணிக்கு முழுமையாகத் திரும்ப மூன்று வருடங்களுக்கு மேல் எடுத்தது.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கடந்து போய்விடுகிறார்கள். சம்னரின் கேலி என்ன? பட்லர் தன்னை ஒரு வீரப் பிரபுவாக நினைத்துக்கொண்டு அடிமைமுறை என்ற நடத்தை கெட்டவளைக் காதலியாக வரித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். அடிமைமுறையை எதிர்ப்பவரும் ஒரு பெண்ணுடலை உருவகமாக்கித்தான் எதிராளியின் மானத்தை வாங்குகிறார். அந்த உருவகத்துக்குப் பின்னால் பெருந்தோட்டங்களில் உண்மையான பெண்கள் இருந்தார்கள். அவர்களது மானம் பற்றி அந்தச் சபையில் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சட்டம் கேட்டதா? 1829இல் வட கரோலினாவில் ஜோன் மான் என்பவன் வாடகைக்கு எடுத்திருந்த லிடியா என்ற அடிமைப் பெண் அடிக்குப் பயந்து ஓடியபோது, அவளைச் சுட்டுக் காயப்படுத்தினான். கீழ் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது. மாநில உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் தோமஸ் ரபின் அந்தத் தீர்ப்பை மாற்றினார். அடிமை பூரணமாகப் பணிய வேண்டுமானால் எசமானின் அதிகாரமும் பூரணமாக இருக்க வேண்டும் என்பதே அவரது நியாயம். அப்படிச் சொல்வது தன் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதையும் தீர்ப்பில் எழுதிவைத்தார். லிடியாவின் காயத்தைவிட நீதியரசரின் மனவருத்தம்தான் அந்தத் தீர்ப்பில் அதிக இடம் பிடித்திருக்கிறது.

3

தென்பகுதியின் மானம் பற்றி வரலாற்றாய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பேர்ட்ரம் வயட்-பிரவுண் 1982இல் வெளியிட்ட பெருநூல் இவற்றில் முதன்மையானது. பழைய ஐரோப்பியச் சமூகங்களிலிருந்து வந்த மானநெறி அடிமைமுறைக்கு முன்பே இருந்தது என்றும், தென்பகுதியாரின் குடும்பம், திருமணம், கும்பல் தண்டனை எல்லாவற்றையும் அதுவே இயக்கியது என்றும் அவர் காட்டுகிறார். 1996இல் உளவியலாளர்களான நிஸ்பெட்டும் கோஹனும், மந்தை மேய்த்துப் பிழைத்த குடியேறிகளின் வாழ்க்கைமுறையையே தென்பகுதி வன்முறையின் முதன்மைக் காரணமாக முன்வைத்தார்கள். திருட்டுப் போகக்கூடிய சொத்தை வைத்திருப்பவன், தன்னைச் சீண்டினால் ஆபத்து என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்களது தர்க்கம்.

இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டிலும் அடிமை ஓரத்தில் நிற்கிறான். அதே 1996இல் கென்னத் கிரீன்பேர்க் எழுதிய நூலும், 1982இல் ஓர்லாண்டோ பற்றர்ஸன் அடிமைமுறை பற்றி எழுதிய ஒப்பீட்டாய்வும் எனக்கு அதிகம் உதவின. அடிமை என்பவன் உழைப்பு பறிக்கப்பட்டவன் மட்டுமல்லன். பிறப்புறவுகள் அறுக்கப்பட்டு, பொதுவாகவே மானமற்றவனாக நிறுத்தப்பட்டவன். அவனிடமிருந்து எடுக்கப்பட்ட மானம் எசமானின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பற்றர்ஸனின் கருத்தை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கிறேன். தென்பகுதிக் கனவானின் நடத்தைமொழி முழுவதும் ‘நான் அடிமை அல்லன்’ என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக கிரீன்பேர்க்கை வாசிக்கலாம்.

இப்படிப் பார்த்தால் பல விடயங்கள் துலங்குகின்றன. ‘பொய்யன்’ என்ற சொல் ஏன் உயிரை வாங்கும் வசையாயிற்று? வெள்ளையருக்கு எதிராக அடிமை சொல்லும் சாட்சியத்தைத் தென்பகுதி நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. சொல்லுக்கு மதிப்பில்லாதவன் அடிமை. ஆகவே ஒருவனைப் பொய்யன் என்பது அவனை அந்த வரிசைக்குத் தள்ளுவது. தழும்பு ஏன் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டது? கனவானின் உடலிலுள்ள துவந்தக் காயம் அவனுக்குப் பதக்கம். சந்தையில் நிறுத்தப்பட்ட அடிமையின் முதுகிலுள்ள தழும்பு, அவன் பணியாதவன் என்ற எச்சரிக்கை. விலையைக் குறைக்கும் பழுது. அடித்தவனின் குணத்தை அந்தத் தழும்பிலிருந்து வாசிக்க யாரும் முன்வரவில்லை.

எனவே மானம் ஒருபக்கம், அடிமைமுறை மறுபக்கம் என்று பிரித்து, முன்னதை இரசித்துக்கொண்டு பின்னதைக் கண்டிப்பது என்னால் முடியாது. அப்படிப் பிரித்துக் காட்டும் இலக்கியப் பிரதிகள்மீது சந்தேகம் வரத்தான் செய்கிறது.

4

அத்தகைய பிரதிகளில் உலகப் புகழ் பெற்றது மார்கரெட் மிச்செல் எழுதிய ‘கோன் வித் த விண்ட்’. 1936 ஜூனில் வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. 1939இல் திரைப்படமாயிற்று. நானும் இளவயதில் அதில் மயங்கியவன்தான். யுத்தத்துக்குப் பின் ஸ்கார்லெட் வழியில் தாக்கப்படுகிறாள். அன்றிரவு அவளது கணவனும் நண்பர்களும் முகமூடிக் கும்பலாகப் பழிவாங்கப் புறப்படுகிறார்கள். கணவன் மாண்டுபோகிறான். அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் கவலையெல்லாம் அந்த ஆண்கள் பொலிஸில் பிடிபடாமல் தப்ப வேண்டுமே என்பதாக இருந்தது. அந்தக் கும்பல் கூ குளக்ஸ் கிளான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கதாசிரியர் என்னை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நான் நின்றேன்.

அதே 1936 ஒக்டோபரில் வெளிவந்தது வில்லியம் ஃபோக்னரின் ‘அப்ஸலம், அப்ஸலம்!’. ஒரே மண், ஒரே யுத்தம், பார்வை வேறு. மலைப்பகுதியிலிருந்து கீழே இறங்கிவந்த ஏழை வெள்ளைக் குடும்பத்துச் சிறுவன் தோமஸ் சட்பென், பெருந்தோட்ட முதலாளியின் மாளிகைக்குத் தகவல் ஒன்று கொண்டுபோகிறான். முன்வாசலில் நல்ல உடுப்பு உடுத்த கறுப்பின வேலையாள், பின்வாசலுக்கு வரும்படி சொல்லித் திருப்பியனுப்புகிறான். அந்த அவமானம் சிறுவனின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. அவன் எடுக்கும் முடிவுதான் முக்கியம். வாசல்களில் மனிதரைப் பிரிக்கும் ஏற்பாட்டை அவன் வெறுக்கவில்லை. காணியும் அடிமைகளும் மாளிகையும் தேடி, முன்வாசலுக்கு உள்ளே நிற்பவனாக மாற முடிவெடுக்கிறான். காயப்பட்ட மானம் நீதியைத் தேடாமல் சவுக்கின் மறுமுனையைத் தேடிப் போகிறது.

ஹெய்ட்டியில் மணந்த முதல் மனைவிக்கு ஆபிரிக்க இரத்தம் உண்டென்று தெரிந்ததும் அவளையும் மகனையும் விலக்கிவிடுகிறான். அந்த மகன் சார்ள்ஸ் பொன் பல வருடங்களின் பின் தேடி வருகிறான். குவென்டினும் ஷ்ரீவும் ஊகித்துக் கட்டும் கதையின்படி, அவன் வேண்டியது தந்தையிடமிருந்து ஓர் அடையாளம் மட்டும்தான். அது கிடைக்காமலே தம்பியின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். கடைசியில் சட்பெனை அரிவாளால் வெட்டிச் சாய்ப்பவன் வொஷ் ஜோன்ஸ் என்ற ஏழை வெள்ளைக்காரன். தன் பேத்தியை சட்பென் கெடுத்தது மட்டுமல்லாமல், பிள்ளை பெற்றுக் கிடந்தவளைக் குதிரையோடு ஒப்பிட்டுப் பேசியதை அவன் கேட்டுவிட்டான். வாசலில் அவமானப்பட்ட சிறுவன் இன்னொருவனுக்கு வாசலாகி நிற்கிறான். மானத்தின் சுழற்சியை இவ்வளவு கடுமையாக விசாரித்த நாவலை நான் வாசித்ததில்லை.

ஆனால் ஃபோக்னரிடமும் ஓர் எல்லை இருக்கிறது. 1938இல் வந்த ‘த அன்வாங்க்விஷ்ட்’ நூலின் இறுதிக் கதையில், தந்தையைக் கொன்றவனை பேயார்ட் சார்டொரிஸ் ஆயுதமின்றிச் சந்தித்து, பழிக்குப்பழி என்ற நெறியை மறுக்கிறான். அருமையான கட்டம். அவனோடு கூடவே வளர்ந்த ரிங்கோ என்ற கறுப்பின இளைஞன் பதுங்கியிருந்து சுடலாமே என்று யோசனை சொல்லிவிட்டு, அது உன் வெள்ளைத் தோலுக்குப் பொருந்தாதாக்கும் என்ற தொனியில் குத்துகிறான். நேருக்கு நேர் நிற்கும் மானமும் அதை மறுக்கும் உயர்ந்த மானமும் ஆகிய இரண்டுமே வெள்ளைத் தோலுக்குரியவை என்பதை அந்த ஒரு குத்து சொல்லிவிடுகிறது. கதை அதைக் கேட்டுவிட்டு பேயார்டின் பின்னால் போய்விடுகிறது. ரிங்கோ குதிரையோடு வெளியே நிற்கிறான்.

மார்க் ட்வெய்ன் இந்த இடத்தில் கெட்டிக்காரர். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் (இங்கிலாந்தில் 1884, அமெரிக்காவில் 1885) கிரேஞ்சர்ஃபோர்ட், ஷெப்பர்ட்ஸன் குடும்பப் பகையை அறியாதவர் குறைவு. பகை எப்படித் தொடங்கியது என்று சிறுவன் பக்குக்குத் தெரியாது. இரு குடும்பத்தாரும் துப்பாக்கிகளோடு தேவாலயத்தில் அமர்ந்து சகோதர அன்பு பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு, நன்றாக இருந்தது என்று பாராட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இதுவரைக்கும் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு கதை ஓசையின்றி நடக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல், அடிமைகள் தப்பியோடிவந்த ஜிம்மைச் சதுப்பு நிலத்தில் மறைத்து உணவு கொடுக்கிறார்கள். பாம்பு காட்டுகிறேன் என்ற சாக்கில் ஜக் என்ற அடிமை ஹக்கை ஜிம்மிடம் கூட்டிப்போகிறான். பிடிபட்டால் தான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள வழி வைத்திருக்கிறான். மேலே மானத்துக்காகப் பிள்ளைகள் சாகிறார்கள். கீழே மானம் என்ற பேச்சே இல்லாமல் ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறார்கள். ட்வெய்ன் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

5

இனி அந்தத் தங்கையின் கேள்வி.

கோவி தன்னை ஏன் பொலிஸில் ஒப்படைக்கவில்லை என்பதற்கு டக்ளஸே காரணம் ஊகிக்கிறார். பதினாறு வயதுப் பையனை அடக்க முடியவில்லை என்று வெளியில் தெரிந்தால், அடக்குபவன் என்ற கோவியின் பெயர் போய்விடும். எசமானின் மானமே அடிமையின் கேடயமாகியது. ஆனால் இந்தக் கேடயம் எல்லோருக்கும் கிடைத்ததா?

1845ஆம் ஆண்டுப் பிரதியில், கோவி ஒரேயொரு அடிமையை விலைக்கு வாங்கியதாக வருகிறது. பெயர் கரோலைன். வாங்கியது பிள்ளை பெறுவிக்க. வாடகைக்கு எடுத்த ஓர் ஆணோடு இரவில் அவளைச் சேர்த்து அடைத்து, இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது கோவி தம்பதியர் சந்தோஷப்பட்டார்கள். சண்டைக் காட்சிக்கு வரும்போது அவள் காணாமல் போய்விடுகிறாள். உதவிக்குக் கூப்பிட்டும் வராத பில் மட்டும் இருக்கிறான். பத்து வருடங்களின் பின், 1855ஆம் ஆண்டுப் பிரதியில்தான் கரோலைன் களத்துக்குள் வருகிறாள். பலசாலியான பெண். டக்ளஸைப் பிடிக்கும்படி கோவி ஏவுகிறான், மாட்டேன் என்கிறாள். அவள் பிடித்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும் என்பதை டக்ளஸும் ஒப்புக்கொள்கிறார். பில் வேறொருவரின் அடிமை. கோவியால் அவனைக் கண்டபடி அடிக்க முடியாது. கரோலைன் கோவியின் சொந்தச் சொத்து. மறுத்ததற்காக அவளுக்கு அடி விழுந்தது.

அன்றைக்கு டக்ளஸ் எழுந்து நின்றார். அந்த அடியை வாங்கியவள் கரோலைன். ‘ஓர் அடிமை எவ்வாறு ஆண்மகன் ஆனான்’ என்ற கதை அவளை முதலில் விட்டுவிட்டது. பிறகு சில வரிகளில் சேர்த்துக்கொண்டது. டக்ளஸைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அவரே பத்து வருடங்களில் தன் பிரதியைத் திருத்தியவர். என் கேள்வி என்னைப் பற்றியது. இரண்டு பிரதிகளையும் கையில் வைத்திருந்தும் நான் ஏன் அவளைக் காணவில்லை? மானம் என்ற சொல்லைப் போட்டவுடன் என் கண் இரண்டு ஆண்களை மட்டும் பார்க்கப் பழகிவிட்டது.

ஹரியட் ஜேகப்ஸின் தன்வரலாற்றை (1861) இந்த இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். வட கரோலினாவின் ஈடன்டன் நகரில் பிறந்த ஜேகப்ஸ், லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் எழுதினார். நீண்டகாலமாக அதை ஒரு வெள்ளைப் பெண்மணியின் கற்பனை என்றே பலரும் கருதினார்கள். 1980களில் ஜீன் ஃபகன் யெலினின் ஆய்வுதான் அது ஜேகப்ஸின் சொந்த எழுத்து என்பதை நிறுவியது. சொல்லுக்கு மதிப்பில்லாதவர் அடிமை என்றேன். விடுதலையாகி நூறு வருடங்களுக்கு மேலாகியும் ஒரு பெண் தன் சொல்லுக்கு உரிமை கோரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜேகப்ஸின் எசமான் ஊரில் மதிப்புள்ள வைத்தியர். சிறுமிப் பருவத்திலிருந்தே அவளைத் தொல்லைப்படுத்துகிறார். ஆனால் ஊருக்கு முன்னால் மரியாதையான தோற்றத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் வேண்டும். எல்லோராலும் மதிக்கப்படும் ஜேகப்ஸின் பாட்டியின் வாய்க்கு அவர் அஞ்சுகிறார். கோவியின் பெயர் டக்ளஸுக்குக் கேடயமானதுபோல, இவரது பெயர் ஜேகப்ஸுக்குக் கொஞ்சம் இடைவெளி தருகிறது. அந்த இடைவெளிக்குள் அவள் இன்னொரு வெள்ளையரைத் தெரிந்தெடுத்து அவருக்குப் பிள்ளைகள் பெறுகிறாள். பிறகு பாட்டியின் வீட்டுக் கூரைக்குக் கீழே, அதிகூடிய உயரம் மூன்றடியேயான ஒரு பொந்துக்குள் ஏறக்குறைய ஏழு வருடங்கள் ஒளிந்திருக்கிறாள். துளை வழியே தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தான் செய்ததை ஜேகப்ஸ் நியாயப்படுத்தவுமில்லை, மறைக்கவுமில்லை. சுதந்திரமான பெண்களை அளக்கும் கோலால் அடிமைப் பெண்ணை அளக்கக்கூடாது என்கிறார். அடிமைச் சமூகத்தின் மானநெறியை இதைவிட ஆழமாகத் தொட்ட வாதம் எதையும் நான் காணவில்லை. டக்ளஸ் மானத்தைச் சண்டையிட்டுப் பெற்றுக்கொள்கிறார். ஜேகப்ஸ் அந்த அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்துகிறார்.

கைத்தடிச் சம்பவம் நடந்த அதே 1856இன் ஜனவரியில், கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது தன் சின்ன மகளைக் கத்தியால் கொன்றார். டொனி மொரிசனின் ‘பிலவ்ட்’ (1987) இந்தச் சம்பவத்திலிருந்து பிறந்தது. மார்கரெட் கென்டக்கியில் கொலைக்காக விசாரிக்கப்படவில்லை. ஓடிப்போன சொத்தாக எசமானிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டார். கொலைக் குற்றவாளியாவதற்குக்கூட மனுஷியாக இருக்க வேண்டும். புரூக்ஸுக்கு 300 டொலர் தண்டமும் பரிசுக் கைத்தடிகளும். மார்கரெட்டுக்குப் படகு ஏற்றித் தெற்கே அனுப்பும் பயணம். இரண்டும் ஒரே வருடத்தின் கணக்கு.

அடிமைமுறை 1865இல் சட்டத்தால் ஒழிந்தது. மானநெறி ஒழியவில்லை. வெள்ளைப் பெண்ணின் மானத்தைக் காப்பது என்ற பெயரில் கும்பல் கொலைகள் பெருகின. 1892இல் மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவர் மூவர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தது பலசரக்குக் கடைப் போட்டி என்பதை அவர்களை அறிந்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் வெளிப்படுத்தினார். மானம் என்ற திரையை விலக்கிப் பார்த்ததற்காக அவரது பத்திரிகை அலுவலகம் நாசமாக்கப்பட்டது.

6

கடைசியாக, நம்மோடு நேரடியாகப் பேசும் ஒரு பிரதி.

செனகல் பகுதியின் ஃபூத்தா தோரோவில் பல வருடங்கள் ஓதிக் கற்ற ஆலிமான உமர் இப்னு ஸயீத், 1807இல் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டார். முதல் எசமானின் கொடுமை தாங்காமல் ஓடி, வட கரோலினாவின் ஃபயட்வில் நகரில் சிறைப்பட்டார். சிறைச் சுவரில் அறபியில் எழுதியதால் கவனத்துக்கு உள்ளானார் என்பார்கள். பின்னர் ஓவன் குடும்பத்துக்குச் சொந்தமாகி, 1864இல் அடிமையாகவே மரணித்தார். 1831இல் அவர் அறபியில் எழுதிய சிறு தன்வரலாறு இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 2022இல் ‘ஓமர்’ என்ற பெயரில் இசை நாடகமாகவும் அரங்கேறியது.

தன் கதையைச் சொல்வதற்கு முன் உமர் ஸூரத்துல் முல்க்கை எழுதுகிறார். ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்று தொடங்கும் அத்தியாயம். மனிதனை மனிதன் உடைமை கொண்டாடும் வீட்டில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார். அதே கையால் எசமானை நல்லவர் என்றும் எழுதுகிறார். எசமானின் நண்பர்கள் வாசிக்கப்போகும் தாளில் வேறென்ன எழுத முடியும்? இரண்டையும் சேர்த்து வாசிக்காமல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை விசுவாசமான அடிமையாகவோ மறைமுகப் புரட்சியாளராகவோ ஆக்கிவிடுவது சுலபம்.

இங்கேதான் நம் சூழலைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க அடிமைகளில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று நாம் பேசும்போது ஆலிமையும் இளவரசரையும்தான் தேடிப் பிடிக்கிறோம். 1788இல் பிடிபட்டு மிஸிஸிப்பியின் நாட்செஸில் நாற்பது வருடங்கள் அடிமையாக இருந்த அப்துர் ரஹ்மான் இப்றாஹீம், ஃபூத்தா ஜல்லோன் ஆட்சியாளரின் மகன் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். அவர் 1828இல் விடுதலை பெற்றதற்கும் அந்த இளவரசப் பட்டமே உதவியது. ஆனால் ஃபூத்தா ஜல்லோனும் அடிமைகளை வைத்திருந்த சமூகம்தான். இளவரசர் அடிமையானது அநியாயம் என்று மட்டும் நாம் வருந்தினால், இளவரசர் அல்லாதவர் அடிமையானதில் அநியாயம் குறைவு என்று சொல்லாமல் சொல்கிறோம். தென்பகுதிக் கனவானின் இலக்கணம் அப்போது நம் வாயிலிருந்தே வருகிறது.

மொழிபெயர்ப்பை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். ‘மானம்’ என்பதை அடித்துவிட்டேன். மானம் பிறர் கொடுப்பது, பிறர் பறிப்பது, இன்னொருவன் முதுகில் ஏறி நின்று உயர்த்திக்கொள்வது. டக்ளஸ் அந்தப் பண்ணையில் தேடியது அதுவா, அல்லது எவராலும் பறிக்க முடியாத வேறொன்றா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘கண்ணியம்’ என்று போடலாம்தான். ஆனால் பலமற்றவனுக்கு அது இல்லை என்று டக்ளஸ் எழுதியிருக்கும்போது, அழகான சொல்லைப் போட்டு அவரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளனின் வேலையல்ல. அந்தக் கருத்தோடு சண்டை போடுவது விமர்சகனின் வேலை. அதை இங்கே செய்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் 1855ஆம் ஆண்டுப் பிரதியிலிருந்தே வாசிப்பேன். கரோலைன் மாட்டேன் என்று சொல்லும் இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி வாசிப்பேன். கேள்வி கேட்ட தங்கை அன்றைக்கும் வர வேண்டும்.